மூன்று தட்டுத் தராசு

ஊர் மண்டபம். நடுவே நீண்டதொரு மேசை. மேசைக்குப் பின்னால் தேர்தலை நடத்துபவர் அமர்ந்திருக்கிறார். பல ஊர்களில் அவர் வேறு யாருமல்லர், அந்த வட்டாரத்துப் பெருநிலக்கிழாரே! பெயர் அழைக்கப்படுகிறது. புழுதி படிந்த காலணியோடு பண்ணையாள் ஒருவன் முன்வந்து நிற்கிறான். அவன் கையில் வாக்குச்சீட்டு இல்லை. அங்கே பெட்டியும் இல்லை, திரையும் இல்லை. வாய் திறந்து, மண்டபத்திலுள்ள அனைவர் செவியிலும் விழும்படி, தன் வாக்கு யாருக்கு என்று அவன் கூறவேண்டும். கூலி கொடுப்பவர் எதிரே இருக்கிறார். குடியிருக்கும் குடிசை அவருடையது. குளிர்காலத்து விறகு அவர் காட்டிலிருந்து வருவது. அவன் எவர் பெயரைச் சொல்லியிருப்பான்? எண்ணிப் பாருங்கள், தோழர்களே!

இருண்ட காலத்துக் கதை இது என்று ஒதுக்கிவிட வேண்டாம். புகைவண்டி ஓடிய காலம். தந்தி பேசிய காலம். மின்விளக்கு எரிந்த காலம். அறிவே துணையென்று மனிதனுக்கு எடுத்துரைத்த பேரறிஞர் கான்ட் பிறந்த நாடு. அந்தப் பிரஷியாவில், 1849 முதல் 1918 வரை, ஏறத்தாழ எழுபது ஆண்டுகள், மக்களின் வாக்கு இப்படித்தான் வாங்கப்பட்டது. வாங்கப்பட்டது மட்டுமல்ல, எடை போடவும் பட்டது. எடைக்கல் எது? அறிவா? ஒழுக்கமா? உழைப்பா? இல்லை, பணப்பை!

வருவாய்க்கும் வாக்கின் வலிவுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்விக்கு, நாணமின்றிச் சட்டப் புத்தகத்திலேயே விடை எழுதி வைத்த நாடு அது. ஆகவே அதன் கதையை அறிவது நமக்குப் பயன் தரும்.

* * *

1848-ஆம் ஆண்டு ஐரோப்பா கொதித்தெழுந்த ஆண்டு. மார்ச் மாதத்தில் பெர்லின் நகரத் தெருக்களில் தடுப்பரண்கள் எழுந்தன. தொழிலாளரும் மாணவரும் துப்பாக்கிக் குண்டுகளுக்கு மார்பு காட்டினர். மன்னர் நான்காம் பிரெடெரிக் வில்லியம், வீழ்ந்துபட்டோரின் உடல்களுக்கு முன்னே தொப்பியைக் கழற்றி வணங்கும் நிலை வந்தது. ஆண்கள் ஏறத்தாழ அனைவரும் சமமாக வாக்களித்துப் பிரஷியாவின் மன்றத்தைத் தேர்ந்தெடுத்தனர்.

மன்னர் தலை குனிந்தார், மனம் குனியவில்லை. புயல் சற்றே தணிந்தது. படை பெர்லினுக்குத் திரும்பிற்று. 1848 டிசம்பரில் மன்றம் கலைக்கப்பட்டது. மறுபடி தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும் மன்னருக்கு ஒத்துவரவில்லை. 1849 ஏப்ரலில் அதுவும் கலைந்தது. மக்கள் தவறாக வாக்களிக்கிறார்கள் என்று கண்டார் மன்னர். மக்களையோ மாற்ற முடியாது. வாக்கின் மதிப்பை மாற்றலாமே! 1849 மே 30-ஆம் நாள் ஓர் ஆணை பிறந்தது. மூன்று வகுப்பு வாக்குரிமை என்று வரலாறு அதற்குப் பெயர் சூட்டியிருக்கிறது.

அதன் தந்திரத்தைக் கவனியுங்கள். ஏழைக்கு வாக்கில்லை என்று அந்த ஆணை சொல்லவில்லை. 24 வயது நிறைந்த ஆண், ஏழையர் உதவித்தொகை பெறாதவன், வாக்காளனே என்றது. கொடுத்தது போலவே இருந்தது. கையைத் திறந்து பார்த்தால் ஒன்றுமில்லை!

எப்படி? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் 100 வாக்காளர். அவர்கள் செலுத்தும் நேர்முக வரி மொத்தம் 3,000 மார்க் என்று வைத்துக்கொள்வோம். இதை மூன்று சம பங்காக்கு என்றது சட்டம். ஊரிலேயே பெரிய செல்வர் ஒருவர் மட்டுமே 1,000 மார்க் கட்டுகிறார். அவர் ஒருவரே முதல் வகுப்பு. அடுத்த 9 பேர் சேர்ந்து 1,000 மார்க் கட்டுகின்றனர். அவர்கள் இரண்டாம் வகுப்பு. எஞ்சிய 90 பேர் சேர்ந்து கட்டுவது 1,000 மார்க். அவர்கள் மூன்றாம் வகுப்பு. ஒவ்வொரு வகுப்பும் ஒரே எண்ணிக்கையில் தேர்வாளர்களை அனுப்பும். அந்தத் தேர்வாளர்கள் கூடித்தான் சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பர். ஆகவே, ஒருவர் ஒன்பதின்மருக்குச் சமம். ஒன்பதின்மர் தொண்ணூற்றுவருக்குச் சமம். முதல் இரண்டு வகுப்பும் கைகோத்தால் போதும். பத்துப் பேர் முடிவெடுப்பர். தொண்ணூறு பேர் வேடிக்கை பார்ப்பர்!

இது நாம் போட்ட கணக்கு. நடந்த கணக்கு இதற்குச் சளைத்ததன்று. 1849-இல் முதல் வகுப்பில் இருந்தோர் வாக்காளரில் நூற்றுக்கு 5 பேருக்கும் குறைவு. மூன்றாம் வகுப்பில் 80 பேருக்கும் மேல். முதல் வகுப்பினன் ஒருவனின் வாக்கு, மூன்றாம் வகுப்பினன் வாக்கைப்போல ஏறத்தாழப் பதினேழு மடங்கு கனமாயிற்று. பெண்களோ எந்த வகுப்பிலும் இல்லை.

நகராட்சித் தேர்தலிலும் இதே தராசு புகுந்தது. எஸ்ஸென் நகரில் இரும்பாலைக்கும் பீரங்கித் தொழிலுக்கும் பேர்போன குரூப் குடும்பம் கட்டிய வரி மிகப் பெரியது. சில தேர்தல்களில் அந்த ஆலையின் அதிபர் ஒருவரே தனித்து முதல் வகுப்பாக நின்றார். நகர மன்றத்தின் மூன்றில் ஒரு பங்கை ஒற்றை மனிதர் தேர்ந்தெடுத்தார்! அவருடைய ஆலையில் இரும்பை உருக்கிய ஆயிரமாயிரம் கைகளுக்குக் கிடைத்ததும் அதே மூன்றில் ஒரு பங்குதான்.

* * *

"அதிக வரி கட்டுகிறவனுக்கு அதிக உரிமை, இதிலென்ன தவறு?" என்று கேட்டனர் அந்நாள் மேதாவிகள். இன்றும் அந்தக் குரல் முற்றிலும் அடங்கிவிடவில்லை. ஆகவே விடை கூறத்தான் வேண்டும்.

எந்த வரியைக் கணக்கிட்டனர்? நேர்முக வரியை மட்டும். உழைப்பாளி வாங்கும் பண்டத்தின் விலைக்குள்ளே ஒளிந்திருந்த மறைமுக வரி எந்த வகுப்பிலும் ஏறவில்லை. பண்ணையாளின் மகனும் ஆலைத் தொழிலாளியின் மகனும் கட்டாயப் படைப்பணிக்குச் சென்றனரே, போர்க்களத்தில் அவர்கள் செலுத்திய குருதி வரிக்கு எத்தனை மார்க் மதிப்பு? அதற்கு எந்தப் பேரேட்டிலும் இடமில்லை. முதலாளி கட்டிய வரிப்பணமே தொழிலாளியின் வியர்வையில் விளைந்ததல்லவா? விளைத்தவன் மூன்றாம் வகுப்பு. விற்றவன் முதல் வகுப்பு!

இந்த ஏற்பாட்டின் மடமையை அதன் பயனாளிகளே அறிந்திருந்தனர். பிஸ்மார்க்கைப் பாருங்கள். இரும்பு மனிதர், மன்னருக்கு உற்ற துணைவர், மக்களாட்சிக்கு நண்பர் அல்லர். அவரே 1867-இல், வட ஜெர்மன் கூட்டமைப்பின் மன்றத்தில், இதைவிடப் பொருளற்ற, இழிந்த தேர்தல் சட்டத்தை எந்த நாட்டிலும் யாரும் கண்டுபிடித்ததில்லை என்று பொருள்படப் பேசினார். பேசினாரே தவிர, தம் பிரஷியாவில் அதை ஒழித்தாரா? இல்லை. ஜெர்மன் பேரரசின் பொது மன்றத்துக்கு 25 வயதான ஆண்கள் அனைவருக்கும் சம வாக்கு வழங்கினார். ஆனால் அந்த மன்ற உறுப்பினர்க்கு ஊதியம் கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே எழுதினார். வாக்களிக்க ஏழை வரலாம். உட்கார்ந்து பேச வசதியுள்ளவன்தான் வரவேண்டும் என்பது அதன் உட்பொருள். 1906-இல்தான் அந்தத் தடை நீங்கிற்று.

பின்னால் நேர்ந்த வேடிக்கை ஒன்று உண்டு. 1891-இல் நிதியமைச்சர் மிக்வெல் புதிய வருமான வரியைக் கொண்டுவந்தார். வருவாய் ஏற ஏற வரி விகிதமும் ஏறும். உச்சம் நூற்றுக்கு 4. நல்ல சீர்திருத்தம்தான். ஆனால் பணக்காரன் அதிக வரி கட்டக் கட்ட, அவனுடைய வாக்கும் பருத்தது! இனி ஒவ்வொரு சிறு வட்டத்திலும் தனித்தனியே வகுப்புப் பிரிக்கவும் தொடங்கினர். பெர்லினில் வங்கி அதிபர்கள் வாழும் தெருவில் குடியிருந்த அமைச்சர்கள், அந்த அதிபர்களுக்கு முன்னே ஏழைகளாகி மூன்றாம் வகுப்பில் வாக்களித்தனர். நாட்டை ஆளத் தகுதியுண்டு. வாக்கில் மட்டும் கடைசி வரிசை! அறிவுக்கும் தகுதிக்கும் மதிப்பளிக்கும் ஏற்பாடு இது என்று பேசியோர் முகத்தில் அப்போதே அசடு வழிந்திருக்க வேண்டும்.

* * *

சரி, இதனால் என்ன கெட்டது? சட்டமன்றத்தில் யார் அமர்ந்தால் என்ன, நல்ல சட்டம் வந்தால் போதாதா என்று கேட்போர் உண்டு. மன்றத்தில் யார் அமர்கிறார் என்பதைப் பொறுத்தே சட்டம் பிறக்கிறது. இதற்குப் பிரஷியாவே சான்று.

பிரஷியாவில் ஏவலாளர் சட்டம் என்று ஒன்று, 1810-இல் இயற்றப்பட்டது, நடப்பில் இருந்தது. வீட்டுப் பணியாளரும் பண்ணைப் பணியாளரும் அதன் பிடியில் கிடந்தனர். எசமானுக்குக் கீழ்ப்படிதல் அங்கே ஒப்பந்தமன்று, கடமை. ஓடிப்போனவனைக் காவலர் பிடித்துக் கொண்டுவந்து சேர்க்கலாம். 1854-இல், மூன்று வகுப்பு மன்றம் நடந்த நாளில், இன்னொரு விலங்கும் பூட்டப்பட்டது. வயலில் வேலை செய்வோர் கூடிப் பேசி வேலையை நிறுத்தினால் சிறை! ஆலைத் தொழிலாளிக்குச் சங்கம் சேரும் உரிமை 1869-இல் வந்தது. வயல் தொழிலாளிக்கு வரவில்லை. ஏன் வரும்? அவனுடைய எசமானர்களல்லவா மன்றத்தில் மிகுதியாக அமர்ந்திருந்தனர்!

மற்றொன்று. மேற்கே ரைன் ஆற்றிலிருந்து கிழக்கே எல்பே ஆறு வரை நாட்டின் குறுக்கே கால்வாய் வெட்ட அரசு திட்டமிட்டது. தொழிலுக்கு நலம், வணிகத்துக்கு நலம், பேரரசர் இரண்டாம் வில்லியமே அதை விரும்பினார். ஆயினும் 1899-இல் சட்டமன்றம் அதைத் தோற்கடித்தது. கால்வாய் வந்தால் வெளிநாட்டுத் தானியம் மலிவாக உள்ளே வரும், தம் தானியத்தின் விலை இறங்கும் என்று அஞ்சினர் கிழக்குப் பகுதிப் பெருநிலக்கிழார்கள். 1905-இல் பாதித் திட்டமே நிறைவேறிற்று. ஊர் மக்களுக்கு ரொட்டி மலிவாகக் கிடைப்பதைவிடத் தங்கள் களஞ்சியத்தின் விலையே பெரிதென எண்ணியோர், அந்த எண்ணத்தைச் சட்டமாக்கும் வலிமையும் பெற்றிருந்தனர்.

தொகுதிகளோ பழைய கோடுகளிலேயே நின்றன. மக்கள் ஊரைவிட்டு நகருக்கும் சுரங்கத்துக்கும் பெயர்ந்தனர். உறுப்பினர் எண்ணிக்கை பெரும்பாலும் பெயரவில்லை. மூன்றாம் வகுப்பினர் பலர், பயன் என்ன என்று வாக்களிக்கவே செல்லவில்லை. உடனே, ஏழைக்கு அரசியலில் அக்கறை இல்லை என்று ஏளனம் செய்தனர் மேலோர்! கதவை அடைத்துவிட்டு, உள்ளே வரவில்லையே என்று குறை கூறும் விந்தை அது.

எண்களே பேசட்டும். 1912-இல் பேரரசின் பொது மன்றத்துக்குச் சம வாக்கில் தேர்தல். தொழிலாளர் கட்சியான சமூக ஜனநாயகக் கட்சி நூற்றுக்கு ஏறத்தாழ 35 வாக்குகள் பெற்று, 397 இடங்களில் 110 வென்று, தனிப்பெருங் கட்சியாக நிமிர்ந்தது. அடுத்த ஆண்டு, 1913-இல், பிரஷியச் சட்டமன்றத்துக்கு மூன்று வகுப்புத் தேர்தல். அதே கட்சி நூற்றுக்கு 28 வாக்குகள் பெற்றது. கிடைத்த இடங்கள்? 443-இல் 10! மனிதன் அவனே, கொள்கை அதுவே, தராசு மாறியது, தலையெழுத்தென்று சொல்வார்களே, அது மாறிவிட்டது. தலையெழுத்தை எழுதுவது யார் கை என்பது இப்போது புரிகிறதல்லவா?

* * *

அடிமைப்பட்டோர் என்றும் உறங்கிக் கிடப்பதில்லை. 1908-இல் அந்தக் கட்சியினர் ஏழு பேர் முதன்முதலாகப் பிரஷியச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தனர். அவருள் ஒருவர் கார்ல் லீப்னெக்ட். போர்வெறியைக் கண்டித்து நூல் எழுதியதற்காகக் கோட்டைச் சிறையில் கிடந்தபோதே அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1910-இல் அரசு ஒரு போலிச் சீர்திருத்தத்தை நீட்டிற்று. மூன்று வகுப்பும் இருக்கும். ஆனால் பட்டம் பெற்றோர் போன்ற 'பண்பாடு தாங்குவோர்' மேல் வகுப்புக்கு ஏற்றப்படுவர் என்றது. பணப்பையோடு பட்டயத்தையும் தராசில் வைத்தனர். உழைப்பாளியின் தட்டு மட்டும் உயரத்திலேயே தொங்கிற்று. தெருக்கள் கொதித்தன. பெர்லின் காவல்துறைத் தலைவர் யாகோ, தெரு போக்குவரத்துக்கு மட்டுமே உரியது, வேடிக்கை பார்ப்போரையும் எச்சரிக்கிறேன் என்று சுவரொட்டி ஒட்டினார்.

மார்ச் 6-ஆம் நாள் ட்ரெப்டோ பூங்காவில் கூடுவோம் என்று கட்சி அறிவித்தது. கூட்டத்துக்குத் தடை விதிக்கப்பட்டது. குதிரைப்படைக் காவலர் பூங்காவைச் சூழ்ந்தனர். தொழிலாளரோ, செவிவழிச் செய்தியால், நகரின் மறுகோடியிலுள்ள டியர்கார்ட்டன் பூங்காவில் பல்லாயிரவராகத் திரண்டு, உலாவ வந்தவர் போல நடந்து, சம வாக்குரிமை முழக்கத்தை எழுப்பினர்! காவலர் விரைந்து வந்து சேருமுன் உலகுக்குச் செய்தி போய்விட்டது. 'வாக்குரிமை உலா' என்றே அந்நாள் பெயர் பெற்றது. கல் எறியவில்லை, கடை எரியவில்லை. கட்டுப்பாடும் கூர்மதியும் துப்பாக்கியை நகைப்புக்கிடமாக்கின. அந்த மே மாதத்திலேயே போலிச் சட்டம் திரும்பப் பெறப்பட்டது.

ஆனால் பழைய தராசு அசையவில்லை. அதற்கு ஒரு பெரும்போர் தேவைப்பட்டது. 1917-இல் களத்தில் மக்கள் மடிந்துகொண்டிருக்க, வீட்டில் பசி வாட்ட, பேரரசர் சீர்திருத்தம் செய்வதாக வாக்களித்தார். அப்போதும், 1918 மே மாதத்தில், மூன்று வகுப்பு மன்றம் சம வாக்குரிமையை மறுத்தது! குண்டுக்கு மார்பு காட்டுவதில் வகுப்பு இல்லை. வாக்கில் மட்டும் வகுப்பு உண்டு என்று கடைசி வரை அடம் பிடித்தது.

1918 நவம்பர் 9-ஆம் நாள் முடியரசு சாய்ந்தது. மூன்றே நாள் கழித்து, 12-ஆம் நாள், மக்கள் பேராளர் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. 20 வயது நிறைந்த ஆண், பெண் அனைவர்க்கும் சமமான, மறைவான, நேரடியான வாக்குரிமை என்றது அது. அதே அறிக்கையில் இன்னும் ஒரு வரி: ஏவலாளர் சட்டங்களும், வயல் தொழிலாளரைக் கட்டிய தனிச் சட்டங்களும் ஒழிக்கப்பட்டன!

தோழர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். வாக்கின் விலங்கும் வயலின் விலங்கும் ஒரே நாளில், ஒரே தாளில் அறுந்தன. இரண்டும் ஒரே கொல்லன் செய்தவை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? நூறாண்டு கடந்து நின்ற சட்டம், நூலாய் அறுந்தது. 1920-இல் பிரஷியாவின் முதலமைச்சராக அமர்ந்தவர் ஆட்டோ பிரௌன். அச்சுத் தொழில் கற்றவர். கிழக்குப் பிரஷியாவின் பண்ணைத் தொழிலாளருக்காகப் பாடுபட்டவர்.

* * *

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே அந்தத் தராசு வேறு வடிவில் தொங்கிற்று. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நில வரியோ நகராட்சி வரியோ குறித்த அளவு கட்டியவர்க்கே வாக்கு. 1920-இல் நடந்த தேர்தலில், ஏறத்தாழ 4 கோடி மக்கள் வாழ்ந்த சென்னை மாகாணத்தில், வாக்காளர் 12 இலட்சம் அளவே. நீதிக்கட்சி வென்றதும் அந்தச் சிறு வட்டத்துக்குள்தான் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1921-இல் பெண்களுக்கு வாக்குரிமை அளித்து மற்ற மாகாணங்களுக்குச் சென்னை வழிகாட்டிற்று. ஆயினும் சொத்துடைய பெண்ணுக்கே அது கிட்டிற்று. 1935-ஆம் ஆண்டுச் சட்டம் வட்டத்தைப் பெரிதாக்கியது, உடைக்கவில்லை. 1950-இல் வந்த அரசியல் சட்டம்தான் வட்டத்தை உடைத்தது. 1951–52 தேர்தலில் ஆலை அதிபரும் ஆலையில் நூல் நூற்றவரும் ஒரே வரிசையில் நின்று, ஒரே மதிப்புள்ள சீட்டைப் பெற்றனர்.

அத்துடன் கதை முடிந்ததா? முடியவில்லை. மீண்டும் பெர்லினுக்கே செல்வோம். 1998 முதல் 2015 வரை ஜெர்மன் நாடாளுமன்றம் எடுத்த முடிவுகளையும், மக்களிடம் எடுக்கப்பட்ட கருத்துக் கணிப்புகளையும், லேயா எல்சாசர், ஸ்வென்யா ஹென்சே, ஆர்மின் ஷேஃபர் என்னும் ஆய்வாளர் மூவர் ஒப்பிட்டனர். அரசின் வறுமை, செல்வ நிலை அறிக்கைக்காகவே அந்த ஆய்வு செய்யப்பட்டது. ஏழையும் செல்வரும் கருத்து மாறுபடும் இடங்களில், முடிவுகள் செல்வர் விருப்பத்தை ஒட்டியே சாய்ந்தன என்று கண்டனர். இதைக் கூறிய சில பகுதிகள் அறிக்கையின் வரைவிலிருந்து நீக்கப்பட்ட செய்தி 2016 டிசம்பரில் வெளியாகி, பெரும் சர்ச்சை எழுந்தது. அமெரிக்காவில் லாரி பார்ட்டெல்ஸ் என்னும் அறிஞர், 1980-களின் இறுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் செனட் உறுப்பினர்கள் வாக்களித்த முறையை ஆராய்ந்து 2008-இல் நூல் வெளியிட்டார். வருவாயில் மேல் மூன்றில் ஒரு பங்கினர் கருத்துக்கு உறுப்பினர்கள் செவி சாய்த்தனர். கீழ் மூன்றில் ஒரு பங்கினர் கருத்து அவர்கள் வாக்கில் தடம் பதிக்கவே இல்லை என்றார். மேல், நடு, கீழ்! மூன்று வகுப்பு மறுபடி முளைத்தது போல இல்லையா?

பகுத்தறிவாளன் தனக்கு இனிக்கும் முடிவையும் உரசிப் பார்க்க வேண்டும். இந்த ஆய்வுகளை மறுத்துரைப்போரும் உண்டு. பல பொருள்களில் ஏழையும் செல்வரும் ஒரே கருத்தினர்; அங்கே வேறுபாடு இல்லை என்பர். கணக்கிடும் முறையையும் குறை கூறுவர். வாதம் நடக்கட்டும். ஆனால் சில காரணங்கள் கண்கூடு. ஏழையர் வாழும் வட்டாரங்களில் வாக்களிப்போர் தொகை குறைகிறது. மன்றத்தில் அமர்வோரில் மிகப் பெரும்பாலோர் பட்டதாரிகள். கைத்தொழிலாளி அருகிப் போனான். தேர்தலுக்குப் பணம் வேண்டும். பணம் கொடுத்தவன் கதவைத் தட்டினால் கதவு திறக்கிறது. அன்று சட்டம் எழுதி வைத்த ஏற்றத்தாழ்வை, இன்று பழக்கம் எழுதி வைக்கிறது. எழுதப்பட்ட அநீதியைக் கிழித்தெறியலாம். எழுதப்படாத அநீதியை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் கடினம்.

ஆகவே இளைஞர்களே, வாக்குச்சீட்டு கையில் வந்துவிட்டது, வேலை முடிந்தது என்று எண்ணாதீர்கள். சீட்டு சமமாகிவிட்டது, செவி சமமாகவில்லை. உங்கள் தொகுதி உறுப்பினர் எந்தச் சட்டத்துக்குக் கை தூக்கினார், எதற்கு வாய் மூடினார் என்று குறித்து வையுங்கள். சேரிக்கும் குப்பத்துக்கும் சென்று, அங்கே என்ன தேவை என்று கேட்டு, அதை அவர் செவியில் விழும்படி சொல்லுங்கள். உழைப்பவன் வாக்களிக்க மட்டுமல்ல, வேட்பாளனாகி வந்து நிற்கவும் வழி காணுங்கள்.

ட்ரெப்டோவில் காவலர் காத்து நிற்க, டியர்கார்ட்டனில் நடந்தார்களே, அவர்களில் பலர் சம வாக்கை அதுவரை ஒருநாளும் தங்கள் சட்டமன்றத்துக்கு அளித்ததில்லை. நமக்கு அது பிறந்தவுடனேயே கிடைத்த உடைமை. உழைக்காமல் வந்த உடைமையை ஊதாரி எப்படிச் செலவழிப்பான் என்பது ஊரறிந்த செய்தி. நாம் ஊதாரிகளாக வேண்டாம்!